ஒன்பதாம் பக்கத்து ஒற்று

"அக்கா, என் கார்டு செத்துப்போச்சு."

காலை ஏழே முக்கால். போனில் தம்பி.

"எந்தக் கார்டுடா?"

"கேட்ல காட்டினா உள்ள விடுமே, அது. சிவப்பு எரியுது. எனக்கு மட்டும் இல்ல. பதினேழு பேருக்கு."

பதினேழு!

தொடர்கல்வி மையத்தின் இயக்குநரான அக்காவுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். நேற்று மாலை அவள் கையெழுத்திட்டு அனுப்பிய பட்டியலில், 'மறுபயிற்சி' என்ற தலைப்பின் கீழ் இருந்தவர்கள் சரியாகப் பதினேழு பேர்.

அந்த வார்த்தை அவளுடையது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், பல்கலைக்கழகத்தின் பின்கட்டில், ஒழுகும் இரண்டு அறைகளில் மையத்தைத் தொடங்கியபோதே 'தோல்வி' என்ற சொல்லைப் படிவங்களிலிருந்து தூக்கி எறிந்தாள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவனுக்குத் தோல்வி கிடையாது, இன்னும் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும் என்பது அவள் கட்சி. கம்பெனிகள் கைதட்டின. மற்ற பல்கலைக்கழகங்கள் காப்பியடித்தன. அந்த ஒரு வார்த்தையை மாடிப்படியாக வைத்து அவள் மேலே ஏறினாள்.

இந்த முறை நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் ஒரே தொழிற்சாலை. பழைய இயந்திரம் ஓட்டியவர்கள், கணினித் திரை வைத்த புது இயந்திரத்துக்குப் பழக வந்தார்கள். தம்பி வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தான். "நாப்பத்தெட்டு வயசுல எனக்கு எதுக்குக்கா புத்தகப்பை?" என்றவனைத் திட்டிச் சேர்த்தவள் அவள். கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. போட்டிருக்கலாம். தம்பி என்பதாலேயே போடவில்லை.

ஒன்பதரைக்குத் தொழிற்சாலையின் பயிற்சி மேலாளர் முன் உட்கார்ந்திருந்தாள். அவனும் அவள் மாணவன்தான். எதற்கெடுத்தாலும் தலையாட்டுவான் என்பதால் வகுப்பில் அவன் பெயர் ஆமாம்சாமி.

"வாங்க மேடம். ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"அந்தப் பதினேழு பேரை ஏன் வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"நிறுத்தி வைக்கல மேடம். வேலைய விட்டு எடுத்தாச்சு. லெட்டர் மத்தியானம் போகும்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்க குடுத்த லிஸ்ட்தான்."

"நான் மறுபயிற்சின்னுதானே எழுதினேன்!"

"எங்க கம்ப்யூட்டர்ல ரெண்டே கட்டம். தேறினவங்க, தேறாதவங்க. உங்க வார்த்தைக்கு அதுல இடம் இல்ல."

"இப்படி ஒண்ணு ஒப்பந்தத்துலயே கிடையாது."

"ஆமாம் மேடம்" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவன், "இல்ல மேடம், இருக்கு" என்று திருத்திக்கொண்டான். கோப்பைப் பிரித்து ஒன்பதாம் பக்கத்தை அவள் பக்கம் தள்ளினான்.

'பயிற்சியின் மதிப்பீட்டை நிறுவனம் பணியாளர் குறித்த முடிவுகளுக்குப் பயன்படுத்தலாம்.'

அச்சில் 'முடிவுகளுக்கு' என்று மட்டும்தான் இருந்தது. அதன் வாலில் பச்சை மையில் ஒரு 'ப்'. ஓரத்தில் அவள் சுருக்கொப்பம்.

படிக்காமல் போட்ட கையெழுத்தில்லை. படித்திருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்கிறாள். "கம்பெனிக்காரங்களுக்கு ஒற்று எங்க வரும்னே தெரியாது" என்று தன் குமாஸ்தாவிடம் சிரித்தது வரை நினைவிருக்கிறது. ஒற்றைப் பிடித்தவள் வாக்கியத்தைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"ஒரு வழி இருக்கு" என்றான் ஆமாம்சாமி. "உங்க தம்பி ஒரு மார்க்லதானே போனார்? தட்டச்சுப் பிழைன்னு லெட்டர் குடுங்க. அவர் பேரை மட்டும் மாத்திடறேன்."

"பதினேழு பேருக்கும் பிழைன்னு குடுக்கறேன்."

"ஒரு பிழைன்னா மேலிடம் நம்பும். பதினேழுன்னா பட்டியலே தப்புன்னுடுவாங்க. தேறின இருபத்தஞ்சு பேரும் சேர்ந்து வெளிய போவாங்க. அதுக்குத்தான் மேல காத்துட்டு இருக்காங்க." கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து மணிக்கு ஃபைல் மேல போயிடும்."

ஒன்பது ஐம்பத்திரண்டு.

மேஜையின் மேல் வெள்ளைத்தாள். அவள் கையில் அதே பச்சைப் பேனா.

நாலே வரி எழுதினாள். கடிதத்தில் ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை.

வாசலில், வெயிலில், பதினேழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்தார்கள்.

"தம்பி, கார்டை வச்சுப் பாரு."

பச்சை எரிந்தது. கம்பி விலகியது.

"எல்லாருக்கும்தானேக்கா?"

அவள் பச்சைப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா" என்றான், யாரும் எதுவும் கேட்காமலேயே. உள்ளே போனான். வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளையும்தான்.

மிச்சமிருந்தவர்களில் கண்ணாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். வகுப்பை அரைமணி கூடுதலாக இழுக்க வைக்கிறவர். கேள்விக்குறி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இவருக்கு இன்னும் மூன்று மாதம் கிடைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தே அவர் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியிருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி."

பின்னால் யாரோ, "ஆரம்பிச்சுட்டாரய்யா!" என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"செக்யூரிட்டி வாயே திறக்க மாட்டேங்கறார். உங்க தம்பி ஒரு மார்க்லதான் போனாரு, உள்ள விட்டுட்டாங்க. எங்க பேருக்கு நேரா மறுபயிற்சின்னு இருக்காமே? அப்போ கிளாஸ் முடியற வரைக்கும் கார்டு வேலை செய்யாது. அதானே மேடம்?"

பதினாறு முகங்கள். அவள் கற்றுக்கொடுத்த வார்த்தையை அப்படியே நம்புகிற முகங்கள்.

"எப்போ மேடம் ஆரம்பம்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"திங்கட்கிழமை" என்றாள்.

மையத்தின் முத்திரை போட்ட நோட்டுகள் ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே வந்தன. பேனா இல்லாதவருக்குப் பக்கத்தில் நின்றவர் கொடுத்தார். கேள்விக்குறி எழுதி முடித்து, தலையை நிமிர்த்தினார்.

"எத்தனை மணிக்கு மேடம்?"