தபசுக்கு விட்ட தொடர்கதை

விபூதிப் புதனன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியதும், யார் எதை விடுவது என்ற பேச்சு எழுந்தது. பாலக்கரையில் அந்த வீட்டில் ஒவ்வொரு தபசு காலத்துக்கும் நடக்கிற பேச்சுதான். உயிர்ப்பு நாளான பாஸ்கா திருநாள் வரைக்கும் ஆளுக்கொரு பிரியமான பொருளை ஒறுத்தலாக விட்டுவிட வேண்டும். சவரிநாதன் மூக்குப்பொடியை விட்டான். அவனுடைய அக்காள், கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட சகாயம்மாள், காப்பியை விட்டாள். பிள்ளைகள் மூவரும் மிட்டாயை விட்டார்கள். சவரிநாதனின் மனைவி அக்னஸ் சற்று யோசித்துவிட்டு, வெற்றிலை என்றாள்.

"நீ வெத்தலை போடறதே கல்யாண வீட்டுலதான்" என்றாள் சகாயம்மாள். "தபசுல கல்யாணமே கிடையாது. ரொம்பத்தான் தியாகம். அந்தப் பேய்க் கதையை விடு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்னஸும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள், "சரி அண்ணி, விட்டேன்" என்று தன் வாய் சொல்வது அவளுக்கே கேட்டது.

அது பேய்க் கதையே அல்ல. வாரப் பத்திரிகை ஒன்றில் ஆறு மாதமாக வந்துகொண்டிருந்த மர்மத் தொடர்கதை. மலைமேல் ஒரு பங்களா. அதில் ஊரெல்லாம் கொண்டாடும் ஒரு நாவலாசிரியர். கூரையைத் தொடும் புத்தக அலமாரிகளுக்கு நடுவே, எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே அவர் செத்துக் கிடக்கிறார். ஆனால் மறுநாள் காலையில் அவர் பாதியில் விட்ட நாவலில் புதிதாக இரண்டு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு. மேலே எங்கிருந்தோ பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம். துப்பறிய வந்தவன் ஓர் அலமாரியின் மேல் கை ஊன்றுகிறான். அது கதவைப் போல மெல்ல அசைகிறது. அதற்குப் பின்னால் ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் முடிவில் பூட்டிய அறை. இத்தனை வருஷமும் அவர் பெயரில் வந்த புத்தகங்களை எழுதியவள் அந்த அறைக்குள் இருக்கும் ஒரு பெண். அந்த இடத்தில்தான் தபசு வந்து குறுக்கே நின்றது.

பத்திரிகையை அக்னஸும், அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் இன்னொரு ஆசிரியை ரெங்கம்மாளும் பங்கு போட்டு வாங்கினார்கள். ரெங்கம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் அக்னஸ் முதலில் படித்துவிட்டுத் திங்கட்கிழமை ரெங்கம்மாளிடம் கொடுப்பது வழக்கம். இனிப் பாஸ்கா வரை எல்லா இதழையும் நீங்களே வைத்திருங்கள், நான் கேட்டாலும் தரவேண்டாம், கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம் என்று அவளிடம் அக்னஸ் சொல்லிவைத்தாள். ரெங்கம்மாள் ஏகாதசி விரதம் இருக்கிறவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

விட்ட பிறகுதான் அந்தக் கதை தன்னை எங்கே பிடித்திருக்கிறது என்று அக்னஸ் பார்த்தாள். கொலை இல்லை. யார் கொன்றது என்பதில் அவளுக்கு அக்கறையே இருக்கவில்லை. அந்த இருட்டுப் படிக்கட்டில் அவள் ஒருநாளும் பயந்ததில்லை. அவளைப் பிடித்தது அந்த அறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, மைக்கூடு, சாத்திய கதவு. அதற்குள் ஒரு பெண். அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கதாசிரியர் வாசகர்கள் நடுங்க வேண்டும் என்று எழுதிய இடத்தை அவள் ஏக்கத்தோடு படித்திருந்தாள். திடகாத்திரமான மூன்று பிள்ளைகள், கைநீட்டாத புருஷன், நிரந்தர உத்தியோகம். இத்தனையும் இருக்க ஒரு கைதியின் அறைமேல் ஆசைப்படுகிறவள் என்ன மாதிரிப் பெண்? இந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் கேட்க முடியாது.

அவர்கள் வீட்டில் அறைகளுக்கு நடுவே திரைச்சீலைதான். குளிக்கிற இடத்துக்குத் தட்டி. கதவுள்ள அறை ஒன்றே ஒன்று, மொட்டை மாடியில் இருந்தது. அதில் கல்லூரியில் படிக்கும் மாணவன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். பரீட்சை முடிந்து பங்குனியில் காலி செய்கிறான். அடுத்த ஆளைச் சவரிநாதன் அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டான். அந்த அறை தனக்கு வேண்டும் என்று அக்னஸ் நினைக்கத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒவ்வொரு பங்குனியிலும் நினைப்பாள். எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இல்லாததால், ஒவ்வொரு ஆனியிலும் புது மாணவன் ஒருவன் டிரங்குப் பெட்டியோடு படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முதல் வெள்ளிக்கிழமை ரெங்கம்மாளின் பையிலிருந்து பத்திரிகையின் மூலை எட்டிப் பார்த்தது. அக்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று மாலை கோயிலில் சிலுவைப் பாதை, பதினாலு ஸ்தலங்களிலும் நின்று ஜெபிக்கிற வழிபாடு. ஒரு ஸ்தலத்துக்கும் அடுத்த ஸ்தலத்துக்கும் நடுவில், முழங்காலிட்டு எழுவதற்குள், அலமாரி தானாக நகர்ந்தது. படிக்கட்டில் துப்பறிகிறவனின் கால் தெரிந்தது. அவள் திடுக்கிட்டுப் பாடலில் குரலைச் சேர்த்தாள். ஆனால் அது நிற்கவில்லை. கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போடும்போது, மீன் கழுவும்போது, பெரியவளுக்குப் பேன் பார்க்கும்போது கதை தன்பாட்டுக்கு நடந்தது. படிப்பதை விட்டால் கதையை விட்டதாகும் என்று அவள் நம்பியிருந்தாள். அச்சில் இருந்தவரை வாரத்துக்கு நாலு பக்கத்தோடு அடங்கிக் கிடந்த கதைக்கு இப்போது கரையே இல்லை. பால் பொங்கி வழிந்தது. வகுப்பில் ஒரே பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் சிரித்த பிறகு ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். காப்பி இல்லாத கடுப்பில் இருந்த சகாயம்மாள், இதற்கு அந்தக் கதையைப் படித்தே தொலைத்திருக்கலாம் என்றாள்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தில் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. வழக்கமான பாவங்களைச் சொல்லி முடித்தாள். பிள்ளைகள்மேல் கோபம், ஜெபத்தில் பராக்கு. பிறகு தட்டியின் சிறு துவாரங்களுக்கு அருகே வாயைக் கொண்டுபோய், தபசுக்கு ஒரு கதையை விட்டதாகவும், படிக்கவில்லையென்றாலும் மிச்சக் கதையைத் தானே மனசுக்குள் கட்டிவிட்டதாகவும், கோயிலுக்குள்கூடக் கட்டியதாகவும் சொன்னாள். இது ஒறுத்தலை மீறினதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பங்குச் சாமியார். அவர் வயதானவர், குரல் எப்போதும் களைத்திருக்கும். என்ன கதை என்று கேட்டார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுருக்கம் போய்விட்டது. பின்னால் யாரோ இருமினார்கள்.

"அப்புறம்?" என்றார் சாமியார்.

"கதவை உடைச்சுத் திறக்கிறாங்க சாமி."

"அந்தப் பொண்ணு வெளியே வந்துட்டாளா?"

"இல்லை. கதவு திறந்தேதான் இருக்கு. அவ வரலை."

"ஏம்மா?"

"அவளுக்கு அந்த அறை வேணும் சாமி. பூட்டு வேணாம். அறை வேணும்."

கதை கட்டுவது பாவமில்லை, கோயிலில் பராக்கு மட்டும் பாவம் என்று சொன்ன சாமியார், அதற்கு அபராதமாக ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். எழுந்து வெளியே வந்தபோது காத்திருந்த பெண்கள் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் சொல்ல இவள் அப்படி என்ன செய்திருப்பாள் என்ற பார்வை. அக்னஸ் அதை உணரக்கூட இல்லை. முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் அப்புறம் என்று கேட்டிருந்தார்.

பாஸ்காவுக்கு மறுநாள் திங்கட்கிழமை அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். உத்திர வீதியில் ரெங்கம்மாளின் வீடு தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் நீண்டு கிடந்தது. பங்காளித் தகராறில் நாலு அறைகள் பூட்டியபடி இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று அக்னஸ் கேட்டாள்.

"அண்டாவும் பெருச்சாளியும்" என்றாள் ரெங்கம்மாள். இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். "வாயைக் கட்டிண்டு இருந்தேன் டீச்சர், தெரியுமோ? இந்த ஏழு வாரமும் சாயங்காலம் ஆனா கொல்லைப் பக்கமே போகலை. அவ்வளவு பயம். நன்னா இருந்தது. உங்களுக்குப் பயமே வராதா?"

அக்னஸ் அந்தப் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே, வரும் என்றாள். எதைப் பற்றி என்று சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸிலேயே கட்டைப் பிரித்தாள். நடுவில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசி இதழை எடுத்தாள். காவிரிப் பாலத்தில் முன்னால் ஒரு மாட்டுவண்டி மெதுவாகப் போக, பஸ் அதன் பின்னால் ஊர்ந்தது. கொன்றவன் நாவலாசிரியரின் தம்பி. துப்பறிகிறவன் கதவை உடைத்து, மயங்கிக் கிடந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறான். கண் விழித்த அவள், இனி எனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை என்று சொல்லித் தாள்களை அடுப்பில் போடுகிறாள். அடுத்த பாராவில் கல்யாணம். படத்தில் அவள் தலைகுனிந்து நின்றாள்.

அக்னஸ் இரண்டாவது தடவை படித்தாள். வேறு ஏதாவது இருக்கும் என்று பக்கத்தைத் திருப்பினாள். கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு கதைக்காக இப்படிக் கோபம் வருமா என்று ஆச்சரியம் வரும் அளவுக்கு வந்தது. கீழே காவிரி முழுக்க மணலாக, ஓரத்தில் மட்டும் ஈரம் மினுங்கக் கிடந்தது. ஆறு மாதம் காத்திருந்து, ஏழு வாரம் நோன்பிருந்து, கடைசியில் அவளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிட்டார்கள். மாடியில் அவள் என்ன எழுதினாள் என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே, நின்றபடியே கேட்டாள். உட்கார்ந்தால் கேட்க மாட்டாள் என்று தெரியும். சவரிநாதன் விட்டுப்போன பொடியையெல்லாம் சேர்த்துப் போட்டுக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்தான்.

"மாடி ரூமை எனக்குக் கொடுங்க."

"எதுக்கு?"

இந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை வருஷமும் பயந்திருந்தாள். "கதை எழுத" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பிறகு நெடுநாள் நினைவிருந்தது. குழம்பினான். எழுதணும்னா இங்கேயே எழுதேன், யாரு வேணாம்னாங்க என்று கேட்டான்.

"இங்க கதவு இல்லைங்க."

தொட்டியத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரரின் மகன் ஜூனில் கல்லூரிக்கு வருகிறான், வாக்குக் கொடுத்தாயிற்று என்று அவன் சொன்னான். அப்படியானால் ஜூன் வரைக்கும் என்றாள் அவள். அப்புறம்? அப்புறத்தை அப்புறம் கேட்கிறேன் என்றாள். சவரிநாதன் அக்காளைப் பார்த்தான். சகாயம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமல், அறை சும்மாதானே கிடக்கு என்றாள்.

மறுநாள் மதியம் அக்னஸ் மேலே போனாள். மாணவன் விட்டுப்போன ஒரு மேசை இருந்தது. சுவரில் எண்ணெய்க் கறை. கதவைச் சாத்திய பிறகுதான் உள்தாழ்ப்பாள் உடைந்திருப்பது தெரிந்தது. அவன் பெட்டியை முட்டுக்கொடுத்துச் சமாளித்திருக்க வேண்டும். அவளிடம் பெட்டி இல்லை. சின்னவன் வந்து பென்சில் கேட்டான். பெரியவள் வந்து, அவன் எதற்கு வந்தான் என்று கேட்டாள். நடுப்பையன் காரணமே இல்லாமல் வந்து நின்றான். அவர்களை இறக்கிக் கொண்டுபோக மூச்சு வாங்கப் படியேறி வந்தாள் சகாயம்மாள்.

"அண்ணி, வெளியே தாழ்ப்பாள் போட்டுடுங்க."

"என்னது?"

"வெளியேதான் நல்ல தாழ்ப்பாள் இருக்கு. போட்டுட்டுப் போங்க."

"பைத்தியமா உனக்கு? யாராவது பார்த்தா நான் உன்னை அடைச்சு வெச்சேன்னு சொல்லமாட்டாங்களா?"

"சொல்லட்டும்."

சகாயம்மாள் அவளையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப திறக்க?"

"விளக்கு வைக்கிற நேரத்துக்கு."

கதவு சாத்திக்கொண்டது. இரும்பு இரும்பில் ஏறுகிற சத்தம். பிறகு படிகளில் இறங்கும் காலடிகள், பிள்ளைகளின் கேள்விகள், எல்லாம் தேய்ந்தன. அக்னஸ் உட்கார்ந்தாள். ஆசைப்பட்டதெல்லாம் இருந்தது. மேசை, மை, கதவு. ஆனால் கோயிலில், வகுப்பில், மீன் கழுவும் இடத்தில் துரத்தித் துரத்தி வந்த கதை இங்கே வரவில்லை. வெறும் தாள் இருந்தது. கூரை ஓட்டில் வெயில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. கதையே இல்லாமல் போய்விட்டதோ? வேலைகளுக்கு நடுவில் மட்டுமே இருந்த ஒன்றோ அது? பூட்டிய அறையை நினைத்து முதல் முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து கதவுக்குப் போனாள். தட்டினால் திறந்துவிடுவார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லலாம். கையை ஓங்கினாள்.

கீழே முற்றத்தில் சின்னவன் அழுதான். அம்மா எங்கே என்று அவன் கேட்பதும் சகாயம்மாளின் குரலும் தெளிவாகக் கேட்டன.

"உங்கம்மா வேலையா இருக்கா. தொந்தரவு பண்ணாத."

அக்னஸ் கையை இறக்கினாள். மேசைக்கு வந்தாள். உட்காரப் பிடிக்காமல், நின்றபடியே ஒரு வரி எழுதினாள். அடித்தாள். அதன்கீழே இன்னொன்று எழுதினாள்.