ஒரு மணி எழுபத்தைந்து நிமிடம்

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுப்பவர் உஷாராணி. கணிதம் என்றாலே பிள்ளைகளின் முகம் வாடிப்போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். அதனால் புதிதாக எது வந்தாலும் முயன்று பார்த்துவிடுவார். கணினி அறையில் ஆன்லைன் குவிஸ் வைத்தார். பாட்டுச் சத்தமும் ஓடும் கடிகாரமும் திரையில் ஏறி இறங்கும் பெயர்களுமாக அறையே அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் வந்தவன் தனேஷ். கடைசியில் நின்ற பெயர்களும் மாறவே இல்லை. அதிலும் லோகேஸ்வரி என்ற பெண் பாதிக் கேள்விக்குப் பதிலே அழுத்தமாட்டாள். யோசித்துக்கொண்டிருப்பாள், கடிகாரம் ஓடி முடிந்துவிடும். கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வாள். உஷாராணிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் குவிஸைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலேயே சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு மைலோ டின், அதில் சாய்த்து வைத்த கைப்பேசி, எதிரே ஒரு சின்ன வெள்ளைப் பலகை. அவ்வளவுதான் அவருடைய ஸ்டூடியோ.

அன்று பாடம், நேரம். 'கிள்ளானிலிருந்து காலை 7.45க்குப் புறப்பட்ட பேருந்து 9.20க்குப் பத்துமலை போய்ச் சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு?' என்று பலகையில் எழுதிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து கணவர், "உஷா, சம்பால் டப்பாவ எங்க வச்ச?" என்று குரல் கொடுத்தார். கையால் ஐஸ் பெட்டியைக் காட்டிக்கொண்டே கணக்கை முடித்து, புன்னகையோடு கையசைத்து, வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை பள்ளி வளாகத்தில் காரை நிறுத்திக் கைப்பேசியைத் திறந்தால், குழுவில் செய்திகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. முதல் செய்தி, வேர்ஹவுஸில் வேலை செய்யும் மலரின் எண்ணிலிருந்து வந்திருந்தது. எழுதியவள் அவருடைய மகள்.

'டீச்சர் நான் லோகேஸ்வரி. விடை 1 மணி 75 நிமிடம்னு போட்டிருக்கிங்க. 75 நிமிடத்துக்குள்ளயே ஒரு மணி இருக்கே டீச்சர்?'

உஷாராணிக்கு உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. வீடியோவைத் திறந்து பார்த்தார். பலகையில் தன் கையெழுத்திலேயே அழகாக, கோடு போட்டு, 1 மணி 75 நிமிடம். அறுபது கடன் வாங்க வேண்டிய இடத்தில் நூறு வாங்கியிருக்கிறார். பதினேழு வருடமாக எந்தத் தவற்றைச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அச்சு அசலாக அதே தவறு.

கீழே தனேஷ், 'ஆமா லா!!!' என்று எழுதி வரிசையாகச் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தான். அதற்கும் கீழே அவனுடைய அப்பா விஜயன். 'டீச்சரே இப்படிப் போட்டா பிள்ளைங்க எப்படிப் படிக்கும்? கணக்குச் சோதனை வருது.' அதன் பிறகு ஆளுக்கொன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு தாயார் மட்டும், 'டீச்சர் வேணும்னேதான் போட்டிருப்பாங்க, பிள்ளைங்க கவனிக்குதான்னு பாக்க' என்று பரிந்து பேசியிருந்தார்.

அந்த ஒரு வரியை உஷாராணி இரண்டு மூன்று முறை படித்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மானம் தப்பிவிடும்.

எழுதுவதற்குள் தலைமையாசிரியர் கமலநாதன் தன் அறைக்கு வரச்சொல்லி அழைத்தார். அவருக்கும் யாரோ அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க டீச்சர்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. "ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. இதெல்லாம் நடக்கறதுதான்."

"சரி சார்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தார். வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரி மட்டும் தலையைக் குனிந்து, பெரிய குற்றம் செய்துவிட்டவள்போல மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீச்சரை மாட்டிவிட்டோமே என்ற பயம் அவள் தோளிலேயே தெரிந்தது.

அந்தத் தோளைப் பார்த்ததும் உஷாராணியின் மனம் மாறிவிட்டது. வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்.

"நேத்து டீச்சர் தப்பு விட்டுட்டேன்" என்றார். "வேணும்னு விடல. நெஜமாவே விட்டது. இத மொதல்ல பாத்தது லோகேஸ்வரி. லோகா, எப்படிக் கண்டுபிடிச்சன்னு வந்து சொல்லும்மா."

அவள் எழுந்து வர நேரமெடுத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நான் மெதுவாதான் பாப்பேன் டீச்சர். அம்மா வேலையிலேர்ந்து வந்ததும் போன் வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். குவிஸ்ல நிறுத்த முடியாது. வீடியோவ நிறுத்தலாம்." பிறகு பலகையில் ஒரு கோடு இழுத்தாள். "ஏழே முக்காலிலேர்ந்து எட்டுக்குப் பதினஞ்சு. எட்டிலேர்ந்து ஒன்பதுக்கு ஒரு மணி. அப்புறம் இருபது. ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசம்தான் வருது. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், நான்தான் தப்போன்னு நெனச்சேன்."

தனேஷ்தான் முதலில் கைதட்டினான். தட்டிவிட்டு, "டீச்சர், அடுத்த வீடியோலயும் தப்பு போடுவிங்களா?" என்று கேட்டான். வகுப்பே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. "போடுங்க டீச்சர்! போடுங்க!"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடியோவிலும் உஷாராணி ஒரே ஒரு தவற்றை ஒளித்துவைத்தார். கண்டுபிடித்தவர்கள் குழுவில் விடையை எழுதக்கூடாது, தவறு எந்த நிமிடத்தில் வருகிறது என்று டீச்சருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். வேகத்துக்குப் புள்ளி கிடையாது. முன்பெல்லாம் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காத பிள்ளைகள், இப்போது ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினார்கள்.

கமலநாதனுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தப்பப் பிடிக்காத பிள்ளை, அதையே சரின்னு மனசுல வச்சுக்கிட்டா என்ன பண்றது டீச்சர்?"

நியாயமான கேள்விதான். உஷாராணி அன்று முழுக்க யோசித்தார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவற்றைக் கண்டுபிடித்த பிள்ளையே வகுப்புக்கு முன்னால் நின்று திருத்திச் சொல்ல வேண்டும், அதையும் வீடியோ எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று வைத்தார். கமலநாதன் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கதவருகே நின்று பார்த்தார். அடுத்த வெள்ளியும் வந்தார்.

விஜயன் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். அவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வரும் ரயிலில் மகனுடைய வகுப்பு வீடியோவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே பேசினார்.

"டீச்சர், நான் கண்டுபிடிச்சிட்டேன். 0.5-ம் 0.50-ம் ஒன்னுன்னு சொல்றிங்கள்ல? அதுதானே தப்பு?"

"இல்ல சார், அது ரெண்டும் ஒன்னுதான்."



"தனேஷும் அதான் சொன்னான்" என்றார் விஜயன் மெல்ல. "நான்தான் போன்லயே அவனக் கத்திட்டேன்."

"பரவால்ல சார். வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிருங்க, சந்தோசப்படுவான்."

"அவன் விடுவானா டீச்சர்? ஒரு மாசம் ஓட்டுவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அன்றைய தவறு எங்கே என்று கேட்டார். உஷாராணி சொல்ல மறுத்துவிட்டார்.

பின்னப் பாடம் வந்தபோது, பிள்ளைகளே வீடியோ எடுக்கட்டும் என்று விட்டார். தவற்றை ஒளித்துவைப்பதும் அவர்கள்தான், கண்டுபிடிக்க வேண்டியவர்களில் டீச்சரும் ஒருவர். பெரும்பாலான தவறுகள் உடனே அகப்பட்டன. தனேஷ் வேகவேகமாகப் பேசினால் யாருக்கும் தெரியாது என்று நம்பிக் கூட்டலில் தவற்றை ஒளித்திருந்தான், அரை நாளில் பிடித்துவிட்டார்கள்.

லோகேஸ்வரியின் வீடியோவில் ஒரு தோசை வந்தது. வட்டமான தோசை. அதன்மேல் அடிக்கோலை வைத்து அளந்து, மேலிருந்து கீழாக மூன்று நேர்கோடு வெட்டினாள். நான்கு துண்டுகளும் ஒரே அகலம். பின்னால் அவள் அம்மா, "அடியே, கழுவிட்டியா அந்த ரூலர?" என்று கேட்பதும் பதிவாகியிருந்தது. "நாலு துண்டு. ஒவ்வொன்னும் கால் பாகம். ஒரு துண்டு தம்பிக்கு, ரெண்டு துண்டு எனக்கு. கால் கூட்டல் ரெண்டு கால், முக்கால். மிச்சம் கால், அம்மாவுக்கு." அவ்வளவுதான் வீடியோ.

உஷாராணி பார்த்தார். கூட்டல் சரி, கழித்தல் சரி, எழுதியதும் சரி. மறுபடி பார்த்தார். வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "எண்ணெய் ஊத்தாம சுட்டிருக்கா, அதான் தப்பு" என்று தனேஷ் எழுதி அனுப்பியிருந்தான். இந்தப் பெண் தவறு வைக்கவே மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்றுகூட உஷாராணி எண்ணினார்.

வெள்ளிக்கிழமை லோகேஸ்வரி ஒரு டப்பாவில் தோசை கொண்டுவந்தாள். அதே மாதிரி வெட்டிய நான்கு துண்டுகள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஓரத்துத் துண்டு ஒன்றை எடுத்து, நடுத்துண்டு ஒன்றின்மேல் வைத்தாள். நடுத்துண்டு மேலும் கீழும் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

"அகலம் ஒன்னுதான் டீச்சர். ஆனா ஓரத்துல வளைஞ்சு போயிடுது. இது கால் பாகமே இல்ல. தம்பிக்கு ஓரம், எனக்கு நடுவுல ரெண்டும்." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டாள். "வீட்ல எப்பவும் அப்படித்தான் வெட்டுவேன். அவன் இன்னும் கண்டுபிடிக்கல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. உஷாராணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எண்களையே பார்த்துக்கொண்டிருந்து தோசையைப் பார்க்க மறந்துவிட்டோமே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. கதவருகே நின்றிருந்த கமலநாதன் உள்ளேயே வந்துவிட்டார்.

"அப்ப நேரா வெட்டியே நாலும் சமமா வரணும்னா எங்க வெட்டணும்?" என்று கேட்டான் தனேஷ்.

உஷாராணி டப்பாவிலிருந்த துண்டுகளை இன்னொரு முறை பார்த்தார். "நடுத்துண்டு ரெண்டும் கொஞ்சம் ஒல்லியா இருக்கணும். எவ்வளவு ஒல்லின்னு எனக்கும் தெரியல. வாங்க, பாத்துருவோம்."

எல்லாரும் கணினி அறைக்குப் போனார்கள். வடிவங்கள் வரையும் ஆன்லைன் பக்கமொன்றைத் திறந்து, ஒரு வட்டமும் அதற்குள் மூன்று கோடுகளும் போட்டார் உஷாராணி. கோட்டை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு துண்டின் பரப்பும் பக்கத்தில் எண்ணாக மாறியது. மௌஸை லோகேஸ்வரியிடம் கொடுத்தார். அவள் அவசரப்படவில்லை. இடது கோட்டைத் துளி நகர்த்தி எண்ணைப் பார்த்தாள், வலது கோட்டைத் துளி நகர்த்தி எண்ணைப் பார்த்தாள். பின்னால் முப்பது தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"உள்ள தள்ளு, உள்ள தள்ளு."

"போதும், தாண்டிட்ட!"

"இல்ல இல்ல" என்றார் கமலநாதன், கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு திரைப்பக்கம் குனிந்தபடி. "இன்னும் கொஞ்சம் உள்ள வரணும் லா."