பொலிக்செனியின் கண்ணோரக் கோடு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரில் ஒரு முகச் சீரமைப்பு டாக்டரிடம் என் மூக்கைக் காட்டக் காத்திருந்தபோது, மூடாத கதவு வழியாக ஒட்டுக்கேட்டது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். (மற்றதையும் கொஞ்சம்.)

'பொலிக்செனியின் கண்ணோரத்தில் விதி ஒரு புள்ளி...' வேண்டாம். கண்ணோரத்தில் இருந்தது புற்று. சின்னதுதான், ஆனால் இமையை நோக்கிப் போகிற ஜாதி. வெட்டியாக வேண்டும்.

2

வெட்டினால் தழும்பு. அதை ஒளித்துவைக்கச் சிரிப்புச் சுருக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது. தையல் அதன்மேல் ஓடினால், பார்ப்பவர்கள் அதையும் வயசுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் டாக்டர் வரெலாஸ் மயக்க ஊசிக்கு முன்பே ஆளை உட்காரவைத்து, சிரிக்கச் சொல்லி, பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்.

பொலிக்செனி பொகாட்சா கடையில், அதாவது மெல்லிசாகத் தேய்த்த மாவில் கிரீமை மடித்துச் சுடும் காலைப் பலகாரக் கடையில், கல்லாவில் உட்காருபவள். தெருவே காலையில் அவள் முகத்தில்தான் விழிக்கிறது. தழும்பு தெரிந்தால் கடைவாசலை மிதிக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"சிரிங்கம்மா."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் டாக்டர்."

உதடு சிரித்தது. கண்ணோரம் தேய்த்துவைத்த மாவுபோல் வழவழவென்று கிடந்தது. டாக்டர் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பாரே என்று, போன வாரம்தான் அழகு நிலையத்தில் ஊசி போட்டுச் சுருக்கங்களை எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வேலைக்காரி வருவதற்குள் வீட்டைப் பெருக்கிவைக்கும் ரகம்.

3

[தோலைக் கிள்ளிப் பார்த்தாலே தெரியுமே என்று விவரமறிந்தவர்கள் கடிதம் எழுத வேண்டாம். கிள்ளினார். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கோடு தெரிந்தது. இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. ஊசியின் வேகம் இறங்க மாதக்கணக்காகும். புற்று அதுவரை சும்மா இருக்காது. பழைய போட்டோக்களிலோ, சுருக்கம் விழுந்துவிடுமென்று அம்மாள் கடுகடுவென்று நிற்கிறாள்.]

4

கடைசியில், சிரிப்புக் கோடு எது என்று காட்டப் புருஷனை உள்ளே கூப்பிட்டார்கள். திராசிவுலோஸ், அதே கடையில் மாவு தேய்ப்பவர். என் முதல் பிரதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய சிரிப்பை அப்படியே வரைந்தார். நர்ஸ் அழுதாள். நானும் அழுதேன். பிறகு வெட்கமாக இருந்தது, கிழித்துப்போட்டேன்.

நடந்தது இது: பேனாவை வாங்கியவர் அவள் புருவத்துக்கு நடுவே இரண்டு கோடு, வாயோரம் ஒன்று என்று தயங்காமல் இழுத்தார். முதல் இரண்டும் முறைக்கும்போது விழுவதாம். மூன்றாவது, அவர் அம்மா பேரை எடுத்தால் விழுவது. கண்ணோரத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க எப்படி விழும்னு தெரியலையே டாக்டர். இவ சிரிச்சு நான் பார்த்ததில்ல."

"நீ என்னைக்கு மாவுலேர்ந்து தலையைத் தூக்கினே?" என்றாள் பொலிக்செனி.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணோரம் அசையவே இல்லை.

"அழுறியா, சிரிக்கிறியா?" என்று கேட்டார் அவர். இத்தனை வருஷம் கூடவே இருந்தவர்.

5

மேல் கோட்டில் வெட்டி ஒரு முடிவு எழுதினேன். கீழ்க் கோட்டில் வெட்டி இன்னொன்று. இரண்டிலும் பொய் தெரிகிறது, எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் பேனாவோடு காத்திருக்கிறார். நீங்கள் அந்தக் கடையில் எப்போதாவது பொகாட்சா வாங்கியிருந்து, சில்லறை கொடுக்கும்போது அவள் உங்களைப் பார்த்து ஒரு தடவையாவது சிரித்திருந்தால், கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்லுங்கள்.