மேலே எழும் பந்து

அதியமான்கோட்டையில், தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த வயலின் ஓரத்தில், தமிழ்மணி ஒரு கேட்ச்சை விட்டான். சிறுபிள்ளைகூடப் பிடித்துவிடும் கேட்ச் அது. எதிரே பேட்டைப் பிடித்து நின்ற சவுரியப்பன் முதலில் சிரித்துவிட்டான். மாநில அணிக்கு எட்டு வருடமாக ஆடுகிறவன், உயரமாக வந்த ஒரு பந்துக்குக் கீழே இரண்டு கையையும் குவித்து நின்று, வெறும் காற்றைப் பிடித்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். பந்து அவன் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது.

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சுடா," என்றான் தமிழ்மணி.

வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. சவுரியப்பன் இன்னொரு பந்தை அதே உயரத்துக்குத் தூக்கி அடித்தான். இந்தத் தடவை பந்து வருமுன்பே தமிழ்மணி கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து, முகவாயை வானத்துக்குத் தூக்கினான். அப்படியும் பந்து விரல் நுனியில் பட்டு நழுவியது.

சவுரியப்பனின் சிரிப்பு நின்றது. பேட்டைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"மேல பாத்தா எத்தன பந்துங்கண்ணா தெரியுது?"

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தமிழ்மணி தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ரெண்டு," என்றான்.

"அதுல எது நெசம்?"

"கீழ இருக்கறது. ஒண்ணுக்கு மேல ஒண்ணா தெரியும். மேல இருக்கறத வுட்டுட்டுக் கீழ இருக்கறத ஆடணும். பேட் புடிக்கும்போது இதுவரைக்கும் தப்புனதில்ல."

இப்படி இரண்டாகத் தெரிய வைத்த அடி சவுரியப்பன் கொடுத்தது. போன நவம்பரில் சென்னையில் நடந்த லீக் ஆட்டத்தில், எதிரணிக்காகப் பந்து வீசிய சவுரியப்பன் போட்ட, தலைக்கு எழும் பவுன்சர் ஒன்று ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே புகுந்து தமிழ்மணியின் இடக்கண்ணுக்குக் கீழே இறங்கியது. எலும்பில் மெல்லிய விரிசல். அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் மட்டும் உடனே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வீக்கம் வடிந்த பிறகு, ஒரு காலையில், கட்டிலில் படுத்தபடி தமிழ்மணி கூரையில் இரண்டு மின்விசிறிகள் சுற்றுவதைப் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் அப்பா பெரியண்ணனின் டெம்போவில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பயிற்சிக்குப் போய்வந்தவன் அவன். பதினெட்டு வயதில் சென்னைக்குப் போனான். லீக் ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்களால் வங்கி வேலை கிடைத்தது. மாநில அணிக்குள் நுழைந்த பிறகு இரண்டு முறை வெளியே தள்ளப்பட்டான். இரண்டு முறையும் திரும்பி வந்தான். முப்பது வயதைத் தாண்டியபோதுதான் அவன் ஆட்டம் பழுத்தது. அடிபடுவதற்கு முந்தைய ஆட்டப் பருவத்தில் அடுத்தடுத்து மூன்று சதங்கள் அடித்திருந்தான். நாட்டுக்கு ஆடும் அணிக்கு ஒரு படி கீழே இருக்கும் அணிக்கு அவன் பெயரும் போகிறது என்று பத்திரிகையில் வந்தது. அந்த வயதில் ஒரு பருவத்தை இழந்தால் அடுத்த பருவத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உடல்தகுதிப் பரிசோதனையில் எழுத்துப் பலகை நேர் எதிரே இருந்தது. நேராகப் பார்த்தால் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். கடைசி வரிவரை படித்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழம சேலத்துல செலக்‌ஷன் மேட்ச்," என்றான் சவுரியப்பன். "நான் எதிர் டீம்ல இருக்கறேன். ஒங்களுக்கு எல்லாரும் ஷார்ட்டாத்தான் போடுவாங்க, தலைக்கு எழும்பற மாதிரி. அடிபட்ட ஆளு பயப்படறானான்னு பாப்பாங்க. டாக்டர்கிட்ட போயிருங்கண்ணா."

தமிழ்மணி அதற்குச் சொன்ன பதிலைப் பிறகு நினைத்து வெட்கப்பட்டான். அப்போது தயங்காமல் சொன்னான்.

"அடிச்சது நீ. நான் ஒன்ன ஒரு வார்த்தை கேட்டனா? நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

சவுரியப்பன் அவனைவிட நான்கு வயது இளையவன். கம்பைநல்லூர்க்காரன். அவன் பந்து வீசுவதைப் பார்த்துச் சென்னைக்குக் கூட்டிப் போய்த் தன் அறையில் தங்க வைத்து ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டவன் தமிழ்மணிதான். அதை இருவருமே பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை. சவுரியப்பன் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தமிழ்மணியின் மனைவி சசிகலாவுக்கு விஷயம் தெரியாது. ஆனால் என்னவோ சரியில்லை என்று தெரியும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அவன் முகத்தையே மேலே தூக்குவதை அவள் பல நாளாகப் பார்த்துவந்தாள். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டான். கேட்டால் கழுத்துப் பிடிப்பு என்பான். அன்று சவுரியப்பன் சாப்பிடாமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது அவளுக்கு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை அவள் தான் வேலை பார்க்கும் பள்ளியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பைநல்லூருக்குப் பேருந்து ஏறினாள். கணவனிடம் சொல்லவில்லை. சவுரியப்பன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவருக்கு என்ன என்று அவள் நேராகவே கேட்டாள். வாக்குக் கொடுத்துவிட்டேன், என்னால் சொல்ல முடியாது என்றான் அவன். அந்தப் பதிலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆட்டத்துக்குப் போகாதே என்றால் கணவன் கேட்கமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன் தம்பி," என்றாள். "நீயாவது அவரு தலைக்குப் போடாத."

"நான் போடலன்னா இன்னொருத்தன் போடுவான் அண்ணி."

"மத்தவங்களப் பத்தி நான் கேக்கல. நீ."

அவன் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் மேகம் மூடியிருந்தது. தேர்வாளர்கள் மூன்று பேர் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விக்கெட் விழுந்ததும் தமிழ்மணி இறங்கினான். சசிகலா பார்வையாளர் படிகளில், யாரும் இல்லாத ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவன் களத்துக்கு வந்ததுமே எதிரணிக் கேப்டன் ஆட்களை மாற்றினான். பேட்டுக்கு அருகில் ஒருவன் குனிந்து நின்றான். இடதுபுற எல்லைக்கு இரண்டு பேர் போனார்கள். பவுன்சர் வரப்போகிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிவிப்பு கிடையாது. பந்து சவுரியப்பன் கையில் இருந்தது.

முதல் பந்து காலடியில் விழுந்தது. தமிழ்மணி நேராக அடித்தான், நான்கு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததையும் சவுரியப்பன் முழு நீளத்துக்குப் போட்டான். கேப்டன் ஓடிவந்து தன் நெற்றிக்கு நேரே கையைக் காட்டிப் பேசினான். சவுரியப்பன் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் காலடியிலேயே போட்டான். கூடாரத்தில் ஒரு தேர்வாளர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். இன்னும் இரண்டு ஓவர் பார்த்துவிட்டுக் கேப்டன் அவனிடமிருந்து பந்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். சவுரியப்பன் பந்துவீசும் முனைக்கு அருகில், மிட் ஆனில் போய் நின்றான். பருவத்தின் முதல் தேர்வில் அவன் பந்துவீச்சு அத்தோடு முடிந்தது.

தமிழ்மணி நாற்பதைத் தாண்டியிருந்தான். பேட்டின் நடுவில் பந்து படும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. தன் பழைய ஆட்டம் கைக்குத் திரும்பிவிட்டது என்றே அவனுக்குத் தோன்றியது.

புதிதாகப் பந்தை வாங்கியவன் இருபது வயதுப் பையன். யாருக்கும் எந்தக் கடனும் படாதவன். நல்ல வேகம். முதல் பந்தையே பாதி ஆடுகளத்தில் குத்தினான். பந்து எழுந்து, நெஞ்சைத் தாண்டி, புருவத்துக்கு மேலே போனதும் இரண்டாகப் பிரிந்தது. தமிழ்மணி கீழ்ப்பந்தை நோக்கி பேட்டைச் சுழற்றினான். விளிம்பில் பட்டு விக்கெட் கீப்பரின் தலைக்கு மேலே பறந்து எல்லையைத் தொட்டது. அவன் அணியினர் கை தட்டினார்கள். படிகளில் சசிகலா எழுந்து நின்றுவிட்டாள்.

இரண்டு பந்து கழித்து மறுபடியும் பவுன்சர். மறுபடியும் இரண்டு. தமிழ்மணி கீழே இருந்ததை அடித்தான். பேட் ஒன்றுமில்லாத இடத்தில் வீசிப் போனது. மேலே இருந்த பந்து ஹெல்மெட்டில் மோதி ஸ்லிப் பக்கம் தெறித்தது.

அவன் விழவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி, பேட்டைப் பிடித்தபடி இருந்தான். அம்பயர் ஓடி வந்தார். அணிகளுக்குப் பொதுவான பிசியோ சுசித்ரா பையோடு ஓடி வந்தாள். எந்த ஊர், எந்த மைதானம், ஸ்கோர் என்ன என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். விரலை முகத்துக்கு நேரே நீட்டி இடமும் வலமும் நகர்த்தினாள். அவன் கண் தொடர்ந்து போனது. அவள் அம்பயரைப் பார்த்து, தொடரலாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

அப்போதுதான் சவுரியப்பன் மிட் ஆனிலிருந்து நடந்து வந்தான்.

"மேடம், மேல பாக்கச் சொல்லிக் கேளுங்க," என்றான்.

தமிழ்மணி அவனைப் பார்த்தான். சவுரியப்பன் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. எதிரணிக் கேப்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுசித்ரா கையை அவன் நெற்றிக்கு மேலே உயர்த்தினாள். தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னாள். எத்தனை விரல் என்று கேட்டாள்.

தமிழ்மணிக்கு நான்கு விரல்கள் தெரிந்தன. "ரெண்டு," என்றான்.

அது சரியான பதில். சுசித்ரா சவுரியப்பனைக் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்துவிட்டுப் பையை மூடினாள். கேப்டன் அவனை இடத்துக்குப் போகச் சொல்லிக் கத்தினான். யாரோ ஒருவன், பந்துதான் போட வரவில்லை, வைத்தியமாவது பார்க்கட்டும் என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சவுரியப்பன் திரும்பி நடந்தான்.

புது ஹெல்மெட் வந்தது. தமிழ்மணி மாட்டிக்கொண்டு கோட்டில் பேட்டை ஊன்றினான். பந்துவீசும் பையன் தூரத்தில் திரும்பி நின்றான்.

கீழே இருந்ததைத்தான் ஆடினேன், என்று நினைத்தான் தமிழ்மணி. ஏழு மாதமாக அவனுக்கு இருந்த ஒரே பிடி அதுதான்: மேலே இருப்பது பொய், கீழே இருப்பது நிஜம். இன்றைக்கு மேலே இருந்தது நிஜமாகிவிட்டது. முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி விளக்குக் கம்பத்தின் உச்சியைப் பார்த்தான். இரண்டு உச்சிகள். எது என்று தேடினான். கண்ணைச் சிமிட்டியதும் இரண்டும் இடம் மாறியதுபோல் இருந்தது.

பையன் ஓடி வரத் தொடங்கினான். பாதி தூரம் வந்திருப்பான். தமிழ்மணி கையைத் தூக்கிக்கொண்டு விக்கெட்டை விட்டு விலகினான்.

ஓடி வந்த வேகத்தில் பையன் அம்பயரைத் தாண்டிப் போய்த்தான் நின்றான். என்ன என்று அம்பயர் கேட்டார். தமிழ்மணி எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்த சுசித்ராவைக் கையசைத்து வரவழைத்தான்.

"நாலு தெரிஞ்சதுங்க," என்றான். "பாதியாக்கிச் சொன்னேன்."

அவள் அவன் கையிலிருந்து பேட்டை வாங்கிக்கொண்டாள். கூடாரத்துக்குப் போகும் வழியில் மிட் ஆனைக் கடந்துதான் போகவேண்டும். தமிழ்மணி சவுரியப்பன் பக்கம் திரும்பவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. விரிசலில் சிக்கிய தசை ஏழு மாதத்தில் அங்கேயே ஒட்டி இறுகியிருந்தது. முதல் இரண்டு வாரத்தில் வந்திருந்தால் சுலபமாக விடுவித்திருக்கலாம் என்றார் மருத்துவர். எப்போதிலிருந்து இரட்டையாகத் தெரிகிறது என்று அவர் கேட்டபோது, சசிகலாவின் முன்னால் தமிழ்மணி முதல்முறையாக உண்மையைச் சொன்னான். அவள் அழவில்லை. அறையை விட்டு வெளியே போய், வெகுநேரம் கழித்து வந்தாள்.

கட்டுப் பிரித்த பிறகு கண் ஓரளவு மேலே ஏறியது. மின்விசிறி ஒன்றாகிவிட்டது. ஆனால் புருவத்துக்கு மேலே, கடைசிக் கோணத்தில், இரட்டை அப்படியே நின்றது. அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். சுழல் பந்தை ஆடலாம், வேகப் பந்து கூடாது. மாநில அணியில் நான்காவதாக இறங்குகிறவனுக்கு அதற்கு அர்த்தம் ஒன்றுதான். தேர்வாளர்களில் மூத்தவருக்குத் தமிழ்மணியே போன் செய்து, இனிமேல் என் பெயரைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னான். அவர் வருத்தப்பட்டார். பேச்சுவாக்கில், அந்தக் கம்பைநல்லூர்ப் பையனையும் எடுக்கவில்லை, பவுன்சர் போடச் சொன்னால் பயப்படுகிறான் என்றும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் தமிழ்மணி அதைச் சசிகலாவிடம் சொன்னான். சவுரியப்பன் மேல் அவனுக்கு இன்னும் கோபம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று அதுவரை அவன் பெயரை எடுக்காமல் இருந்தான்.

"பயந்தில்லைங்க," என்றாள் சசிகலா. "நான் போயிக் கேட்டேன்."

கம்பைநல்லூருக்குப் போனதை அவள் அப்போதுதான் சொன்னாள். தமிழ்மணி அன்று மதியம் சாப்பிடவில்லை. வயலுக்குப் போனான், வந்தான். சாயங்காலம் போனை எடுத்தான். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை சவுரியப்பன் எடுத்தான்.

"ஒன் எடத்த நீயே கெடுத்துக்கிட்டயேடா," என்றான் தமிழ்மணி.

"அண்ணிகிட்ட ஒத்துக்கிட்டேனுங்க."

"அவ கேக்கலன்னா போட்டிருப்பியா?"

"தெரியலீங்கண்ணா," என்றான் சவுரியப்பன். "நவம்பருக்கு அப்புறம் நான் யாருக்குமே ஷார்ட்டா போட்டதில்ல. கை வரமாட்டேங்குது."

தமிழ்மணி இதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஏழு மாதமும் அவன் தன் கண்ணைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான். அந்த அடியைச் சொல்லிக்காட்டியே அவன் வாயை அடைத்தது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தான்.

"நாளைக்கு வூட்டுக்கு வா," என்றான் கடைசியில். "சாப்பிட்டுட்டுப் போவலாம்."

சவுரியப்பன் வருவதாகச் சொன்னான்.