சோதனை நாள் பல்புகள்

"கண்ணாடியில மட்டும் கை வெச்சுடாதீங்கக்கா. விரல் எண்ணெய் பட்டா சூட்டுல வெடிச்சுடும்" என்று சொல்லிவிட்டு, கரண்டு அந்த அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தார். கரண்டு என்பது எங்கள் தெருவே அவருக்கு வைத்த பெயர். கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். பெட்டிக்குள் பழைய துணியில் சுற்றிய இரண்டு செனான் பல்புகளும், அவற்றோடு சேர்ந்த சோப்புக்கட்டி அளவு இரண்டு இரும்பு டப்பாக்களும் இருந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் இவற்றை எங்கள் காரில் மாட்டியவரும் இதே கரண்டுதான். இன்றைக்கு அவரே கழற்றி, பழைய மஞ்சள் பல்புகளைத் திரும்பப் போட்டிருந்தார். இன்றைக்கு வண்டிச் சோதனை.

அவர் கடையில் இது வழக்கமான வேலை. சுவரோரம் ஓர் அலமாரி, அதில் வரிசையாகப் பழைய பல்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்டி நம்பர் எழுதி ஒட்டிய டேப். சோதனை நாள் காலையில் பல்பு மாறும், வண்டி போய்த் தேறி வரும், சாயங்காலம் மறுபடி மாறும். "வருஷத்துல ஒருநாள் மட்டும் எல்லா வண்டியும் நல்ல பிள்ளைக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் என் பெயரில் இருக்கிறது. வெளிநாடு போகும்போது என் அண்ணன் கொடுத்துவிட்டுப் போன இருபத்தொரு வயதுக் கார். யார் பெயரில் வண்டியோ அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அதனால்தான் தைக்க வேண்டிய துணியெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்க, நான் முன் சீட்டில் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"இதோடவே போனா என்னதான் செய்வாங்க?" என்று கேட்டேன்.

"உடனே பிடிச்சுடுவாங்கக்கா. இந்த டூம் இருக்கே, பல்பைச் சுத்தி இருக்கிற இந்தக் கிண்ணம், இது மஞ்சள் பல்புக்குன்னே செஞ்சது. இதுக்குள்ள செனானைப் போட்டா வெளிச்சம் ரோட்டுல விழாம எதிர்ல வர்றவன் மூஞ்சியெல்லாம் சிதறும். கம்பெனியிலயே செனானோட வர்ற வண்டிக்கு லென்ஸே வேற. பாரம் ஏறுனா லைட்டைத் தானா தாழ்த்திக்க மோட்டார் இருக்கும். அதெல்லாம் இல்லாத பழைய வண்டிக்கு இது சட்டப்படி கூடாது."

"கூடாததை ஏன் மாட்டுனீங்க?"

கரண்டு என் கணவரைப் பார்த்தார். "அண்ணன் கேட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைக்கப் போய்விட்டார்.

இவரோ காதிலேயே வாங்காதவர் போல வண்டியைக் கிளப்பினார். நானும் விட்டுவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் மனுஷனுக்கு மைனர் ஆசை வந்திருக்கிறது, போகட்டும் என்றுதான் எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிலர் தலைக்கு மை பூசுவார்கள், இவர் காருக்கு வெள்ளை வெளிச்சம் போட்டுக்கொண்டார். இவருக்குத் தொழில் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போவது. ஆறு வீட்டுப் பிள்ளைகள், ஏழாவதாக எங்கள் மகள். குளிர்காலத்தில் கிளம்பும்போது விடிந்தே இருக்காது. "உங்க வண்டி தெருமுனையில திரும்புறப்பவே எங்க வீட்டுச் சுவரெல்லாம் பளிச்சுனு ஆயிடுது" என்று ஒரு பிள்ளையின் அம்மா சொன்னபோது இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெருமை என்று அப்போது நினைத்தேன், மக்கு.

சோதனை நிலையம் மலைக்கு அந்தப் பக்கம். மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகத்தான் போக வேண்டும், ஒரே பாதையில் இரு பக்கமும் வண்டிகள் வரும், உள்ளே விளக்குகள் பாதிக்கு மேல் எரியாது. தினப்படி பள்ளிக்குப் போகிற வழியில் அது கிடையாது. சுரங்கத்தின் வாய் தெரிந்ததும் இவர் பேச்சை நிறுத்தினார். ரேடியோவை அணைத்தார். நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டுகிற அளவுக்கு முன்னால் சாய்ந்துகொண்டார். உள்ளே நுழைந்ததும் வேகம் ஒரேயடியாகக் குறைந்தது. பின்னாலிருந்து ஹாரன். "ஏங்க, நடந்து போறவங்ககூட நம்மளைத் தாண்டிடுவாங்க" என்றேன். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வாலிலேயே போனார். லாரி வேகமெடுத்து விலகிப் போனதும், என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி வண்டியை ஓரத்துக்கு ஒடித்தார்.

ஓரத்தில் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். சுரங்கம் கூட்டுகிறவர். மஞ்சள் கோட்டு, தோளில் நீளத் துடைப்பம், எங்களுக்கு முதுகு காட்டியபடி. எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோட்டின் முதுகிலிருந்த பளபளப்பான பட்டைகூடத் தெரிந்தது. இவருக்கும் தெரியும், இதோ ஒதுக்குவார், இதோ ஒதுக்குவார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இவர் ஒதுக்கவில்லை.

"என்னங்க!" என்று அலறி ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேனா, தள்ளினேனா, நினைவில்லை. பக்கக் கண்ணாடி அந்த மனுஷனின் கையை உரசுகிற மாதிரி தாண்டியது. திரும்பிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"சே! ஒரு நாய்க்கா இப்படிக் கத்துவ? எனக்குப் பக்குனு ஆயிடுச்சு" என்றார் இவர்.

நாய்.

வெயிலுக்கு வந்ததும் மனுஷர் பழைய ஆளாகிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார், ரேடியோவைப் போட்டார். நான் மடியில் இருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் வீட்டில் எல்லா அறையிலும் லைட்டைப் போட்டு வைக்கிறார். நடையில் கிடக்கிற முக்காலியில் நாலு தடவை இடித்துக்கொண்டு, "இதை யாரு இங்க வெச்சது?" என்று கத்துகிறார். அது பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது. சினிமா முடிந்தால் கூட்டம் போகட்டும் என்று உட்கார்ந்தே இருக்கிறார், தியேட்டரில் முழு வெளிச்சம் வருகிறவரைக்கும். என் தையல் மெஷினுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது இவர் வேலை. ஒரு வருஷமாகச் சாயங்காலத்தில் கேட்டால் "காலையில தர்றேன்" என்பார். கூடவே படுத்து எழுகிற எனக்கு இது தெரியவில்லையே! நானெல்லாம் ஒரு பெண்டாட்டி.

சோதனை நிலையத்தில் ஆய்வாளர் சின்னப் பெண்தான். சக்கரம் வைத்த ஒரு பெட்டியை ஹெட்லைட்டுக்கு நேராகத் தள்ளிவந்து, உள்ளே குனிந்து பார்த்து, ஏதோ எழுதினாள். "வெளிச்சம் விழ வேண்டிய இடத்துல விழுது. இவ்வளவு பழைய வண்டிக்கு ரொம்ப சுத்தம்" என்றாள். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அப்புறம் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். விளக்குகளில் விதிக்குப் புறம்பான மாற்றம் எதுவும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். கீழே உரிமையாளர் கையொப்பம்.

பேனாவை வாங்கினேன். அக்குளில் பெட்டி.

"அது என்னம்மா?" என்றாள்.

"தையல் மெஷின் சாமான்" என்றேன். பொய் எப்படி வழுக்கிக்கொண்டு வந்தது பாருங்கள். கையெழுத்துதான் என் கையெழுத்து மாதிரியே இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. முன் கண்ணாடியில் அடுத்த வருஷத்துக்கான வில்லையை ஒட்டி, விரலால் தேய்த்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போனாள். வண்டியை மேலும் கீழுமாக ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஓட்டுகிறவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் இவர் கையை நீட்டினார். "கொடு. வாசல்ல தார்ப்பாய்க்குக் கீழ ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, கால் மணி நேரத்துல மாட்டிடுவான். திரும்பிப் போறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"வந்தது நாய் இல்லைங்க" என்றேன்.

"எது?"

"மனுஷன். மஞ்சக் கோட்டு போட்டிருந்தாரு. தோள்ல துடைப்பம் வெச்சிருந்தாரு."

மெதுவாகக் கார் பம்பரில் உட்கார்ந்தார். "பட்டுச்சா?" என்று கேட்டார்.

"படலை."

"ஏதோ ஒண்ணு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றார். "உயரம்கூடத் தெரியலை."

"எத்தனை நாளா இப்படி?"

"போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்துலருந்து. பகல்ல ஒண்ணுமில்லை. வெளிச்சம் கம்மியானா கரைஞ்சு போயிடுது எல்லாம்."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?"

"போனா எழுதிக் குடுத்துடுவாங்க. லைசென்ஸ் போயிடும். எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேற என்ன தெரியும், சொல்லு?" திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வெள்ளை லைட் இருந்தா எனக்குத் தெரியுது. நிஜமாத் தெரியுது. ரோட்டுக் கோடு தெரியுது, பிள்ளைங்க வாசல்ல நிக்கிறது தெரியுது. பகல் மாதிரி."

"எதிர்ல வர்றவங்களுக்கு?"

"ஒரு நொடிதானே. கண்ணைச் சுருக்கிக்குவாங்க."

எனக்கு ஆத்திரமா, அழுகையா, என்ன வந்ததென்று தெரியவில்லை. "முன் சீட்டுல நம்ம பொண்ணு உக்காந்து போறா, நம்ம பொண்ணு! பின்னால ஊரான் பிள்ளைங்க ஆறு பேரு!" என்று கத்திவிட்டேன். தார்ப்பாய்க்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இவர் தலையைத் தூக்கவில்லை.

மணி இரண்டரை. மூன்றரைக்குப் பள்ளி விடும். ஏழு பேரும் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள். போய்த்தான் ஆக வேண்டும், இருப்பது அந்தச் சுரங்கம் ஒன்றுதான். "சாவியைக் குடுங்க" என்றேன்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, பீரோவில் தூங்கிக்கொண்டு. மகள் வயிற்றில் இருந்தபோது ஓட்டியது, பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. நிலையத்து வாசல் காவலாளி சிரித்தார். சிரிக்கட்டும். பெட்டி இப்போது இவர் மடியில். சுரங்கத்தின் வாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாளைக்குக் காலையில் இருட்டில் யார் ஓட்டுவது என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

உள்ளே மஞ்சள் பல்பின் வெளிச்சம் கஞ்சத்தனமாக விழுந்தது, ஆனால் தெரிந்தது. சுவர் தெரிந்தது, ஓரக் கோடு தெரிந்தது. அந்த ஆள் இன்னும் உள்ளேதான் எங்கேயாவது கூட்டிக்கொண்டிருப்பார் என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்தபடி ஓட்டினேன். பாதி தூரம் போயிருப்போம். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது.

பழைய கார்தான் அதுவும், சத்தத்திலேயே தெரிந்தது. எவரோ ஒருவர், யாருக்குப் புருஷனோ. வெளிச்சம் நேராக என் கண்ணுக்குள் வந்து இறங்கியது. கோடு போனது, சுவர் போனது, என் கைகூடப் போனது. வெறும் வெள்ளை. ஒரு நொடிதான் என்று இவர் சொன்ன அந்த நொடி முடியவே இல்லை. பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டேன். எஞ்சின் அணைந்தது. எதிர் வண்டி விர்ரென்று தாண்டிப் போயிற்று. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"யாராவது நிக்கிறாங்களா?" என்று இவர் கேட்டார். பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார் போலிருக்கிறது, உள்ளே இரும்பு டப்பாக்கள் லொடலொடவென்று ஆடின.

"தெரியலைங்க" என்றேன். "எனக்கும் தெரியலை."

கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பூச்சி பறந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய, முதலில் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது. அப்புறம் அதன் நடுவே பளபளப்புப் பட்டை. அப்புறம், பம்பருக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில், முழங்கையால் கண்களை மறைத்துக்கொண்டு நின்ற அந்த ஆள். துடைப்பம் கீழே கிடந்தது. அவரும் கண் திறக்கக் காத்திருந்தார்.

"யாரு?" என்று இவர் மறுபடி கேட்டார், நேராக அவரைப் பார்த்தபடியே. "சொல்லேன், யாராவது இருக்காங்களா?"