காசு கொடுத்து ஏறும் கூட்டம்

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து புறப்பட்ட சின்ன பஸ்ஸில் முத்துவீரப்பச் செட்டியாரும் அவர் மனைவி நாச்சம்மையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தவிர ஒரு சீனக் கிழவி. அவ்வளவுதான். நேற்று இதே வண்டியில் நிற்க இடமில்லை. பின்படியில் ஆட்கள் வௌவால் மாதிரி தொங்கினார்கள். நேற்று, கூட்டத்தைக் காட்ட வண்டிக்காரன் விட்டது ஓசிச் சவாரி. ஓசி என்றால் பினாங்கே திரண்டு வராதா என்ன?

அதனால்தான் செட்டியார், காசு வாங்கிக்கொண்டு ஒரு நடை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டியவன் வண்டியின் சொந்தக்காரன் ஜபருல்லா, அவருடைய பழைய சிநேகிதன். இன்னும் மூன்று வண்டி வாங்கத் துடித்தான். வட்டிக்குக் கடன் வாங்குவது மார்க்கத்துக்கு ஆகாது, லாபத்தில் பங்குக்குத்தான் பணம் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். செட்டியார் வேலை பார்த்த கிட்டங்கி என்னும் வட்டிக்கடையிலோ வட்டிக்குக் கொடுப்பார்களே தவிர, பங்கு என்ற பேச்சே கிடையாது. மிஞ்சியது நாச்சம்மையின் சிறுவாட்டுப் பணம். மகள் முத்தம்மையின் கல்யாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. மதியத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வண்டிகள் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"டிராம நிறுத்தப் போறாங்களாம்ணே. அத்தன சனமும் நம்ம பஸ்ஸுக்குத்தான்லா வரும்" என்றான் ஜபருல்லா.

"எப்ப நிறுத்துறாக?"

"சீக்கிரம்லா."

"சீக்கிரம்னா? இந்த வருசமா, அடுத்த வருசமா?"

ஜபருல்லா ஹாரனை அழுத்தினான்.

டத்தோ கிராமாட் சாலை வரை ஒருவரும் ஏறவில்லை. செட்டியார் காலி இருக்கைகளை எண்ணினார். நேற்றுக் கூட்டம் பொய் என்றால் இன்றைய வெறும் வண்டி மட்டும் மெய்யா? ஒரே ஒரு நடையை வைத்து ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?

"மழைண்ணே. மழையில யாரு வெளிய வருவா?"

செட்டியாருக்கு அதை நம்ப ஆசையாக இருந்தது. சரி என்று சொல்லவே வாயைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வந்த டிராம் அவர்களைத் தாண்டிப் போனது. படிவரை ஆட்கள். நாச்சம்மை கித்தான் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, அதுல போறவுகளுக்கு மழை இல்லையா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். ஜபருல்லாவின் முகம் செத்துப்போனது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"வேணாம் தம்பி" என்றார் செட்டியார். "பொண்ணு கல்யாணம்."

சொன்னதும் அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அப்படி இருந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"வீட்ட வித்து முன்பணம் கட்டிட்டேண்ணே" என்றான் ஜபருல்லா. "இப்ப விட்டா அதுவும் போச்சு."

செட்டியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கிட்டச் சொல்லவே இல்லையேப்பா!"

"சொன்னா பாவப்பட்டுக் குடுப்பீங்க. கூட்டத்தப் பாத்துக் குடுக்கணும்னு நெனச்சேன்."

நாச்சம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனக் கிழவி ஏதோ முணுமுணுத்தபடி இறங்கி நடந்தாள். ஜபருல்லா செட்டியாரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"உங்க கிட்டங்கியில வட்டி எவ்வளவுண்ணே?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் செட்டியார். வட்டியே ஆகாது என்றிருந்தவன் கேட்டபோது, "மழை விடட்டும் தம்பி" என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது.