பக்கத்துக் கதிரை

என் மச்சாள் ரிவ்கா உயிரோடு இருக்கும்போதே அவளுடைய அப்பா அவளுக்குச் செத்தவீடு நடத்தி முடித்துவிட்டார். வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடி, சட்டை விளிம்பைக் கிழித்துக்கொண்டு, யூத வழக்கப்படி ஏழு நாள் தாழ்வான பலகையில் உட்கார்ந்து அழுதாராம். என் அண்ணாவைக் கல்யாணம் செய்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.

அண்ணா விக்னராஜா லண்டனில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தார். ரிவ்கா சிட்னியிலிருந்து மண்சிற்பம் படிக்க அங்கே போயிருந்தாள். அறுபத்தொன்பதில் பதிவுத் திருமணம். செய்தி கேட்டு யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் அம்மாவும் ஒரு மாதம் அழுதவதான். அழுகை ஓய்ந்ததும் லண்டனுக்கு மிளகாய்த்தூள் அனுப்பினா. ஆனால் ரிவ்காவின் அப்பா மெண்டல் ஸில்பரின் வீட்டில் அதற்குப் பிறகு ரிவ்கா என்ற பெயரையே எவரும் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது.

அவர் பக்கத்திலும் ஒரு கதை இருந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடம், கைக்குழந்தையான ரிவ்காவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போலந்திலிருந்து கடைசி நேரத்தில் கப்பலேறியவர் அவர். பின்னால் வருகிறோம் என்று சொன்ன பெற்றோரோ சகோதரங்களோ ஒருவரும் வரவில்லை. எல்லாரையும் கொன்றுவிட்டார்கள். "மிஞ்சினது நாங்கள் ஒரு பிடி. அதையும் நாங்களே கரைத்துவிடுவதா?" என்று தன் மகன் சைமனிடம் கேட்டாராம். சைமன் ரிவ்காவின் தம்பி. சிட்னியில் மருந்துக்கடை வைத்திருந்தான். அப்பாவுக்குத் தெரியாமல் அக்காவுடன் தொலைபேசியில் பேசுவான்.

எழுபத்துமூன்றில் அண்ணாவுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் நான் தாதிப் படிப்புக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கினேன். ரிவ்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றாள். எனக்கு வாய் வரவில்லை. மச்சாள் என்றேன். அப்படியென்றால் நான் உன்னை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று கேட்டாள். நீங்களும் மச்சாள் என்றுதான் என்றேன். அது அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மச்சாள்.

கார் நிறுத்தும் கொட்டகையில் அவளுடைய சூளை இருந்தது. முழங்கைவரை களிமண்ணோடுதான் எந்நேரமும் இருப்பாள். அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அதைப்பற்றி அண்ணாவும் பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள்.

எழுபத்தாறில் சைமன் ஒரு யோசனையோடு கூப்பிட்டான். அவர்களுடைய அம்மா செத்த பிறகு அப்பா மெண்டல் தனியாக இருக்கமுடியாமல் யூத முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போயிருந்தார். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அந்த இல்லத்தின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கச் சுட்டமண் சிற்பம் வைக்கப்போகிறார்கள். பழைய ஊர் ஒன்றின் தெருக் காட்சி. நிர்வாகக் குழுவில் சைமனும் இருந்தான்.

"உன் கல்யாணப் பெயரில் மாதிரி அனுப்பு. ஆர். விக்னராஜா. யாருக்கும் தெரியாது" என்றான்.

அவளுடைய மாதிரியைத்தான் தெரிவு செய்தார்கள். ஒரு இந்தியப் பெண் இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாளே என்று குழுவில் வியந்தார்களாம்.

சுவருக்கு மண் பிசையுமுன் அப்பாவின் ஊரை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று ரிவ்கா தனியாகப் போலந்துக்குப் போனாள். அங்கே அந்தத் தெருவே இல்லை. யூதத் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் பஸ்கள் நின்றன. விசாரித்த ஆட்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரியாது என்றார்கள். இரண்டு நாளில் புறப்பட்டுவிட்டாள். திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி இணுவிலுக்குப் போய் அம்மாவைப் பார்த்தாள். மாமியும் மருமகளும் சந்தித்தது அந்த ஒரு தரந்தான். அம்மா அவளுடைய தலைமயிரைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சித்தியிடம், "வாடிப்போய் வந்திருக்கிறாள். முதல்ல சாப்பிடக் குடு" என்றாவாம். இதை ரிவ்கா என்னிடம் தமிழிலேயே சொல்லிக் காட்டினாள்.

"ஊரில ஒண்டுமே இல்லையெண்டால் இனி எதைப் பார்த்துச் செய்யப்போறீங்கள்?" என்று கேட்டேன்.

"அப்பாவைப் பார்த்து" என்றாள்.

சின்ன வயதில் சனிக்கிழமை பின்னேரங்களில் மெண்டல் மகளைக் கூட்டிக்கொண்டு சிட்னியின் பொண்டாய்க் கடற்கரை ஓரம் நடப்பார். நடக்கும்போது அந்தத் தெருவைச் சொல்லிக்கொண்டே வருவார். முதலில் பேக்கரி, அதற்கு இரண்டு படி, இரண்டாவது படி உடைந்தது. அடுத்தது குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். அடுத்தது எந்நேரமும் சண்டை பிடிக்கும் இரட்டைச் சகோதரிகள். ரிவ்கா அந்த ஒழுங்கிலேயே செய்தாள். கண் தெரியாதவர் கையால் தடவி அறியக்கூடிய மாதிரி ஒவ்வொன்றையும் நன்றாகப் புடைப்பாக எடுத்தாள். சூளையில் வெடித்ததை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி பிசைந்தாள். அந்த வேலை நடந்த மாதங்களில் அவள் முகத்தில் இருந்த தெளிவை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

சுவரில் பதித்த கிழமை சைமன் அப்பாவைத் தன் வீட்டில் வைத்திருந்தான். திறப்பு விழாவுக்கு நாங்கள் மூவரும் அண்ணாவின் வான் வண்டியில் சிட்னிக்குப் போனோம். ஆனால் ரிவ்கா உள்ளே வரவில்லை. இல்லத்துக்கு எதிரே இருந்த பூங்காவோரம் நிறுத்தியிருந்த வானுக்குள் இருந்தாள். அண்ணாவும் அவளோடேயே இருந்துவிட்டார். சிற்பிக்குச் சுகமில்லை என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் சேலை உடுத்துப் போய் நின்றேன். பேச்சுகள் முடிந்து தேநீர் குடிக்க எல்லாரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அப்போது கைத்தடியோடு ஒரு கிழவர் சுவருக்கு வந்தார். மூக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ரிவ்காவின் மூக்கு.

அவர் இடது பக்கத்திலிருந்து தொடங்கித் தடவிக்கொண்டு வந்தார். பேக்கரியில் கை நின்றது. படியைத் தடவினார். இரண்டாவது படியை மறுபடியும் தடவினார்.

"யார் அங்கே?" என்று கேட்டார்.

நான் சிற்பியின் கணவனுடைய தங்கை என்றேன்.

"இந்தியாவா?"

"இலங்கை."

"அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், இந்தப் படி உடைந்தது என்று?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார்" என்றேன்.

கிழவர் கையைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் கோட்டில் துடைத்தார். பிறகு, "செத்தவர்களுக்கு ஒருமுறைதான் அழலாம். நான் அழுதுவிட்டேன். அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தெரியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "என்னை என் கதிரைக்குக் கூட்டிப்போ" என்றார். கூட்டிப்போய் உட்காரவைத்தேன். என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

வானுக்குத் திரும்பி வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிவ்கா கேட்டுவிட்டு, "தொட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம். தொட்டவர்."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். அண்ணா வானை எடுத்தார்.

அதற்குப் பிறகு கிழவர் தன் கதிரையைச் சுவரடிக்கு மாற்றச் சொன்னதாகச் சைமன் சொன்னான். காலைச் சாப்பாடு முடிந்ததும் அங்கே வந்து இருப்பாராம். ஆனால் சைமன் அக்காவின் பெயரை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். தொலைபேசி வரும் என்று ரிவ்கா சில மாதங்கள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

எழுபத்தேழு ஓகஸ்டில் இலங்கையில் கலவரம் தொடங்கியது. எங்கள் சித்தப்பா குடும்பம் கண்டியில் இருந்தது. வீட்டை எரித்துவிட்டார்கள், ஆட்களைப்பற்றித் தகவல் இல்லை. அண்ணா வேலைக்குப் போகாமல் தொலைபேசியடியில் இருந்தார். சாப்பிடவில்லை, ஒருவரோடும் பேசவில்லை. அவர்கள் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, ரிவ்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணா அழுது நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நாள் காலை குசினியில் தேநீர் போட்டபடி ரிவ்கா சொன்னாள்:

"நான் சிட்னிக்குப் போகிறேன், மச்சாள். அவரோடு பேச இல்லை. பக்கத்தில் இருக்க."

போனாள். அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அதில் போய் இருந்தாள். குரல் கொடுத்தால் மகள் என்று ஆகிவிடும், அப்படி ஆனால் அவர் எழும்பவேண்டி வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை. கிழவர் காலடியைக் கேட்டுவிட்டு, "யார்?" என்றார். பதில் இல்லை. திரும்பக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போனதும் யாருக்கோ சொல்வதுபோல, "இந்தப் பேக்கரியின் புகைபோக்கி வலது பக்கம் இருக்கவேணும். இங்கே இடது பக்கம் வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் சரி" என்றார்.

அதிலிருந்து ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய மாதம் ஒரு தரம் ரயிலேறிப் போனாள். காலைநேரம் முழுக்க இருப்பாள். சாப்பாட்டு மணி அடித்ததும் எழும்பி வந்துவிடுவாள். அங்கே வேலை செய்தவர்கள் அவளை, காது கேட்காத ஏதோ உறவுக்காரி என்று நினைத்திருந்தார்கள். கிழவர் அவள் வந்து இருந்தால் பேசத் தொடங்குவார். தன் அப்பாவின் தையல்கடை, ஆறு உறைந்துபோன ஒரு குளிர்காலம், தம்பியின் வயலின். ரிவ்கா சின்ன வயதில் கேட்காத கதைகளும் இருந்தன. அவள் வீட்டுக்கு வந்து அவற்றை எனக்குச் சொல்வாள்.

எழுபத்தெட்டு வைகாசியில் ஒரு தரம் நானும் கூடப் போனேன். கூடத்தின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி, ஒரே மாதிரிக் கையை மடித்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர் மெலிந்திருந்தார். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு நடுவிலே வேறு மொழிக்கு மாறினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மணி அடித்தும் ரிவ்கா எழும்பவில்லை. தாதி வந்து கிழவரைக் கூட்டிப்போன பிறகும் அப்படியே இருந்தாள்.

திரும்பும் ரயிலில்தான் கேட்டேன். "என்ன மச்சாள் சொன்னவர்? அது என்ன பாஷை?"

"இத்திஷ். எங்கள் வீட்டு மொழி. யாரென்று தெரியாதவளோடு அவர் ஒரு நாளும் அதில் பேசமாட்டார்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்றார். கப்பலில் வரும்போது அவளுக்குக் காய்ச்சல். பிழைக்கமாட்டாள், கடலில்தான் போடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரும் வந்து வாங்கிவிடக்கூடாது என்று அவளைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மேல்தளத்திலேயே இருந்தாராம், காய்ச்சல் இறங்கும்வரைக்கும்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்ன சொல்ல? இருந்தாள் என்றுதானே சொன்னார். இருக்கிறாள் என்று சொல்லவில்லை."

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சைமன் கூப்பிட்டான். கிழவர் நித்திரையிலேயே போய்விட்டார். சனிக்கிழமை அவர்களுக்குப் புனித நாள். வெள்ளி பொழுதுபடத் தொடங்கிவிடும். அதற்கு முன் அடக்கம் செய்தாகவேண்டும். ஆடி அங்கே குளிர்காலம், பொழுதும் வேளைக்கே போய்விடும். அண்ணா வேலைத்தலத்திலிருந்து ஓடிவந்து எங்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். நானும் ரிவ்காவும் ஏறினோம். பனிமூட்டத்தால் விமானம் பிந்தியது. றூக்வூட் மயானத்துக்கு டாக்ஸியில் போய் இறங்கும்போது வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சைமன் மட்டும் வாசலில் நின்றான். கோட் விளிம்பு கிழிந்திருந்தது.

"கொஞ்ச நேரம் பிந்தச் சொல்லிக் கேட்டேன், அக்கா. ஏலாது என்றுவிட்டார்கள்" என்றான்.

குழி மூடியாகிவிட்டது. மண் மேடாகக் கிடந்தது. ரிவ்கா குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் கையில் வைத்துப் பிசைந்தாள், ஈரம் பார்க்கிறவள்போல. பிறகு தன் சட்டையின் கழுத்தைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தாள். துணி இடங்கொடுக்கவில்லை. சைமன் பிடித்துக் கொடுத்தான். கிழிந்தது.

சிட்னியில் சைமன் வீட்டுக்கு உறவினர் வந்து துக்கம் இருப்பார்கள். தன்னைக் கண்டால் அவர்களுக்குச் சங்கடம் என்று ரிவ்கா நிற்கவில்லை. மெல்பேர்னில் எங்கள் வீட்டிலேயே துக்கம் இருந்தாள். கண்ணாடிகளை நான் போர்வைகளால் மூடினேன். அண்ணா சாப்பாட்டு அறைக் கதிரையொன்றின் கால்களை வாளால் அறுத்துத் தாழ்வாக்கிக் கொடுத்துவிட்டு, தான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். ஏழு நாளும் வேலைக்குப் போகவில்லை.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. யூத நண்பர்கள் அவளுக்கு அதிகம் இல்லை. இரண்டாம் நாள் நான் எங்களுக்குத் தெரிந்த ரஞ்சினி அன்ரிக்கு விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காலத்து மெல்பேர்னில் யாழ்ப்பாணத்து ஆட்கள் கொஞ்சப் பேர்தான். பின்னேரமே வந்துவிட்டார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தா. கதிர்காமநாதன் அங்கிள் வெறுங்காலோடு உள்ளே வந்து, ரிவ்காவின் முன் தரையில் உட்கார்ந்தார்.

"தகப்பன் எத்தினை வயசில போனவர், பிள்ளை?" என்று அன்ரி கேட்டா. நான் மொழிபெயர்க்கப் போனேன். தேவைப்படவில்லை.

"எழுபத்தொண்டு" என்று ரிவ்கா தமிழில் சொன்னாள்.

"வருத்தம் வந்து படுக்கையில கிடந்தவரோ?"

"இல்லை. நித்திரையில."

"அது புண்ணியம்" என்று அன்ரி அவள் கையைப் பிடித்தா. அப்போதுதான் ரிவ்கா அழத் தொடங்கினாள். அன்ரி கையை விடாமல், தடுக்காமல், அப்படியே இருந்தா. ஒவ்வொரு நாளும் யாராவது சாப்பாட்டோடு வந்தார்கள்.

ஏழாம் நாள் காலை துக்கம் முடிகிறது. எழும்பி வெளியே போய் வீட்டைச் சுற்றித் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வரவேண்டும், அதுதான் வழக்கம் என்றாள் ரிவ்கா. நாங்கள் மூவரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். அண்ணா அவள் தோளில் கோட்டைப் போட்டுவிட்டார். மூலை வீட்டுக் கிரேக்க மனுஷி வேலியோரம் எலுமிச்சை பறித்துக்கொண்டு நின்றாள்.

"கன நாள் காணவில்லையே. எங்கேயும் போயிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"என் அப்பா இறந்துவிட்டார்" என்றாள் ரிவ்கா.

அந்த மனுஷி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கையிலிருந்த எலுமிச்சங்காய்களை எல்லாம் அவளிடம் கொடுத்தாள். வைக்க இடமில்லாமல் ரிவ்கா அவற்றைக் கோட் பைகளில் நிரப்பிக்கொண்டாள். நாங்கள் தெரு முடிவுவரை நடந்து, வளைந்து, வீட்டுக்கு வந்தோம்.